பொத்தான் யார் கையில்?

இரவு மணி பத்து. நொய்டாவிலிருந்து புறப்பட்ட மஜந்தா லைன் ரயில் ஜனக்புரி வெஸ்ட் நிலையத்துக்குள் நுழையும் நேரம். 2020 டிசம்பரில் இந்தத் தடத்தில்தான் நாட்டிலேயே முதன்முறையாக ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலை விட்டார்கள். கம்ப்யூட்டரை நம்பியே 37 கிலோமீட்டரைக் கடந்து வரும் அந்த ரயிலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் நிலையத்து வாசலிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை இருக்கும் பத்து நிமிட நடையைப் பற்றித்தான். பூங்காவை ஒட்டிய தெருவில் மூன்று விளக்குகள் எரிவதில்லை.

மகளுக்கு வயது 24. நொய்டாவில் வேலை. இரவு பத்து மணி ஆனால் நான் பால்கனிக்கு வந்து நிற்பேன். தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் என்னை விட்டுப் போகாத திருச்சிப் பழக்கம் இது. அங்கே என் அம்மா திண்ணையில் நின்றாள், இங்கே நான் மூன்றாவது மாடியில் நிற்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சில மாதங்களுக்கு முன்பு என் பால்கனிக்கு ஒரு போட்டி வந்தது. எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கும் பையன் கொண்டுவந்த போட்டி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஜனக்புரிப் பள்ளியில் படித்து, பிறகு இன்ஜினியரானவன். உடம்பில் அணியும் கருவிகளுக்கு - கடிகாரம், கைப்பட்டை, மோதிரம், பதக்கம் - செல்போன் ஆப் எழுதுவது அவன் தொழில். ஒரு நாள் மாலை சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து என் மகளிடம் கொடுத்தான். உள்ளே சங்கிலியில் கோத்துக்கொள்ளும் ஒரு டாலர். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.

"இன்னும் கடைக்கு வரல ஆன்ட்டி. பரிசோதனைக்குத்தான். ஆபத்துன்னு தோணினா ரெண்டு தடவை அழுத்தினா போதும். உங்க போனுக்கு அவ இருக்கற இடம் வந்துடும்" என்றான்.

நான் நகைக்கடைக்காரரைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருஷ்டிக் கயிறு, தாயத்து, இப்போது இது. பெண்ணைக் காப்பாற்ற எதையாவது கழுத்தில் கட்டுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

இந்த யோசனைக்குத் தில்லியில் ஒரு வரலாறு உண்டு. 2012 டிசம்பர் 16ஆம் தேதி இரவை இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. படம் பார்த்துவிட்டு முனிர்க்காவில் பஸ் ஏறிய அந்தப் பெண்ணும் அவள் நண்பரும் போக நினைத்த இடம் துவாரகா. ஜனக்புரிக்கு அடுத்த பேட்டை. அந்தக் குளிர்காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா, ‘நம் பெண்ணாக இருந்திருந்தால்?’ என்று யோசித்தாள். ஊர்வலம் போனவர்கள் போனார்கள். சட்டம் மாறியது. 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி வந்தது. 

தில்லி ஐ.ஐ.டி.யிலும் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படித்த சில இளைஞர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். லீஃப் வேரபிள்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, ‘சேஃபர்’ என்ற பதக்கத்தைச் செய்தார்கள். பார்வைக்கு நகை. அழுத்தினால், பையிலிருக்கும் செல்போன் வழியாக வேண்டியவர்களுக்கு எச்சரிக்கை போகும். 2018 ஜூன் மாதம் நியூயார்க்கில் அவர்களுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு கிடைத்தது. பெண்கள் பாதுகாப்புக்கான எக்ஸ்பிரைஸ் போட்டி அது. அமெரிக்காவில் வாழும் தொழிலதிபர் நவீன் ஜெயினும் அவர் மனைவி அனுவும் கொடுத்த பணம். மேடையேறிய குழுவில் மாணிக் மேத்தாவும் நிஹாரிகா ராஜீவும் இருந்தார்கள்.

போட்டியின் நிபந்தனைகள்தான் கவனிக்க வேண்டியவை. கருவி யார் கண்ணிலும் படாமல் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். உதவிக்கு வரக்கூடியவர்களுக்கு அது 90 வினாடிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆண்டுச் செலவு 40 அமெரிக்க டாலரைத் தாண்டக்கூடாது. தங்க டாலரே அதைவிட விலை அதிகம் என்பது வேறு விஷயம். இறுதிச் சோதனை மும்பையில் நடந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளும் கருவி நம் ஊர் நெரிசலிலும் அப்படியே நடந்துகொள்ளுமா என்பதுதானே கேள்வி?

90 வினாடி என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. மாடி வீட்டுப் பையன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலையும் டம்ளர்களையும் வரிசையாக வைத்து விளக்கிய பிறகுதான் அது எவ்வளவு குறைந்த நேரம் என்று புரிந்தது.

முதல் டம்ளர், பதக்கம். உள்ளே காசு அளவுக்கு ஒரு பேட்டரி, மூன்று வோல்ட். அது பல மாதம் தாங்க வேண்டும். ஆகவே பதக்கம் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. நடுநடுவே ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் விழித்து, ‘நான் இருக்கிறேன்’ என்று போனுக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. 2010ல் வந்த குறைந்த மின்சார ப்ளூடூத் முறைதான் இதைச் சாத்தியமாக்கியது. அடிக்கடி விழித்தால் பேட்டரி தீர்ந்துவிடும். அபூர்வமாக விழித்தால் போனுடன் உள்ள தொடர்பு நழுவிவிடும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை விழிப்பது என்று முடிவு செய்வதற்கே அவர்கள் பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

இரண்டாவது டம்ளர், கைப்பையில் இருக்கும் செல்போன். பதக்கத்துக்கும் போனுக்கும் இடையே ஒரு பத்து மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. போனைப் பிடுங்கி எறிந்துவிட்டால்? "பதக்கம் ஊமையாயிடும் ஆன்ட்டி" என்றான் பையன் ஒளிக்காமல். பதக்கத்துக்குள்ளேயே சிம் கார்டும் இடம் காட்டும் சில்லும் வைக்கலாம். ஆனால் பேட்டரி பெரிதாகும், விலை ஏறும், தினமும் சார்ஜ் போட வேண்டும். தினமும் சார்ஜ் போட வேண்டிய எதையும் மனிதர்கள் ஒரு நாள் மறந்துவிடுவார்கள். ஆபத்து அந்த நாளைத் தேர்ந்தெடுத்து வராது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவது, வானத்துச் செயற்கைக்கோள். ஊறுகாய் பாட்டில் அதுதான். திறந்த வெளியில் துல்லியமாக இடம் காட்டும். பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவில் அதன் பாச்சா பலிக்காது. அங்கே செல்போன் டவரையும் வை-பையையும் வைத்துத் தோராயமாக இடத்தைக் கணிக்க வேண்டும். கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டும்போது, அது எத்தனை நிமிடத்துக்கு முந்தைய இடம் என்பதையும் கூடவே காட்டாவிட்டால் அம்மாக்காரி தப்பான தெருவில் தேடிக்கொண்டிருப்பாள். நான்காவது டம்ளர், செல்போன் நெட்வொர்க். ஐந்தாவது, எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். ஆறாவது, என் போன். ஏழாவது, நான்.

"நானுமா?" என்றேன்.

"நீங்க போனை சைலண்ட்ல போட்டு சீரியல் பாத்துட்டிருந்தா மத்த ஆறும் வேஸ்ட்தானே?"

முதல் பரிசோதனையில் நான் சீரியல் பார்க்கவில்லை. போனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பூங்காவுக்கு அருகில் நின்று இருமுறை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அமைதி. வீட்டுக்கு வந்து அவள் தன் போனைத் திறந்த அடுத்த நொடியே என் போன் அலறியது. ஆபத்து நேரத்தில் வராத செய்தி, காப்பி குடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தது.

குற்றவாளி யார் என்று பையன் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டான். 2015ல் வந்த ஆறாவது ஆண்ட்ராய்டிலிருந்து, போன் சும்மா கிடக்கும்போது பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்தத்தான். போதாதென்று, போன் தயாரிப்பவர்கள் சிலர் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான பேட்டரி சேமிப்பு ஏற்பாடுகளைச் சேர்க்கிறார்கள். ‘இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்’ என்று விளம்பரம் செய்ய வேண்டுமே! விளைவு, திரையில் கண்ணுக்குத் தெரியாமல் காவல் காக்கும் செயலியின் கழுத்தைத்தான் முதலில் நெரிக்கிறார்கள். வாட்ச்மேன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று அவனை வேலையிலிருந்து எடுத்துவிடும் வீட்டுக்காரர்களைப் போல.

இதற்கு வைத்தியம் உண்டு. செயலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று போன் திரையில் நிரந்தரமாக ஓர் அறிவிப்பைக் காட்டலாம். பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கலாம். 2019க்குப் பின் வந்த போன்களில், ‘எப்போதும் இடம் அறிய அனுமதி’ என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இவ்வளவையும் அணிபவர் கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் செய்ய வேண்டும். பையனின் நேரத்தில் முக்கால்வாசி பதக்கத்துக்குப் போகவில்லை. எந்தக் கம்பெனி போன் எந்த மூலையில் அந்த ஸ்விட்சை ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடுவதற்கே போயிற்று. அணியும் கருவிக்குச் செயலி எழுதுவது என்றால் என்னவோ விஞ்ஞானக் கதை என்று நினைத்திருந்தேன். பாதி வேலை, தூங்குகிறவனைத் தூங்காமல் பார்த்துக்கொள்வது.

மீதிப் பாதி, தவறான கூக்குரலைத் தடுப்பது. ஒருமுறை அழுத்தினால் போதும் என்றால் பஸ் நெரிசலில் நாளுக்கு நாலு முறை எச்சரிக்கை போகும். நாலாவது முறைக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், புலி வருகிறது என்று கத்திய பையனின் கதைதான். ஐந்து முறை அழுத்த வேண்டும் என்றால் நடுங்கும் கைக்கு அது முடியாது. 2018ல் ஆப்பிள் தன் கடிகாரத்தில் வயதானவர்கள் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. பலமாக விழுந்தவர் ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் மட்டுமே கடிகாரம் தானாக உதவிக்குக் கூப்பிடும். அதற்கு முன் மணிக்கட்டில் தட்டி ஒலியெழுப்பி, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வாய்ப்புத் தரும். விழுந்த கிழவருக்கு அந்த நிமிடத்தைத் தரலாம். இருட்டுத் தெருவில் நிற்கும் பெண்ணுக்கு?

சரி, எச்சரிக்கை போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு?

இங்கேதான் அரசாங்கங்களின் கதை வருகிறது. தில்லி போலீஸ் 2015 ஜனவரி முதல் தேதி ‘ஹிம்மத்’ என்ற செயலியை ஆரவாரமாக வெளியிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2018ல் நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தபோது அதில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 31,000 பேர் மட்டுமே. இந்த நகரத்தின் ஜனத்தொகை கோடிக் கணக்கில். 2016ல் மத்திய அரசு இன்னொரு விதி போட்டது. 2017 ஜனவரி முதல் விற்கும் எல்லா செல்போன்களிலும் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும். சாதாரண போனில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் போதும், ஸ்மார்ட் போனில் பவர் பொத்தானை மூன்று முறை தட்டினால் போதும் என்றது விதி. ஆனால் அழுத்தினால் எடுத்துப் பேச வேண்டிய 112 என்ற பொது எண் முதல் மாநிலத்தில் செயல்படத் தொடங்கியதே 2018 நவம்பரில்தான், இமாசலப் பிரதேசத்தில். தமிழ்நாட்டுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது, தில்லிக்கு அதே ஆண்டு செப்டம்பரில். பொத்தான் முதலில், பதில் சொல்பவர் பிறகு! மணியை மாட்டிவிட்டு அப்புறம் கோயில் கட்டிய மாதிரி.

தமிழ்நாட்டில் ‘காவலன்’ செயலி இருந்தது. 2019 நவம்பரில் ஹைதராபாத்தில் இளம் பெண் டாக்டர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு அதைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொல்லிக் கல்லூரி கல்லூரியாக போலீசார் பிரசாரம் செய்தார்கள். 2022 ஏப்ரலில் ‘காவல் உதவி’ வந்தது. ஒவ்வொரு கொடுமைக்கும் பின்னால் ஒரு செயலி வருகிறது. செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 112 என்ற மூன்று எண்ணுக்குச் செயலியே வேண்டாம் என்பதைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பெண்கள் எத்தனை பேருக்கு அது மனப்பாடம்?

பரிசோதனை இரண்டாவது மாதத்தை எட்டியபோது பதக்கம் சொன்னபடி கேட்டது. பதினெட்டு வினாடியில் செய்தி என் போனில். நான் மகிழ்ந்தேன். மகிழ்ச்சியில் ஒரு தப்பும் செய்தேன். செயலியில் வரைபடம் ஒன்று உண்டு. அவள் அழுத்தாவிட்டாலும் அதைத் திறந்து அவள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டேன். முதலில் இரவு பத்து மணிக்கு மட்டும் பார்த்தேன். பிறகு மதியம் சாப்பிட்டாளா என்று பார்க்க ஒரு தடவை. பிறகு சனிக்கிழமை. நொய்டாவில் இருக்க வேண்டியவள் ஹோஸ் காஸில் என்ன செய்கிறாள்?

அன்று இரவு அவளிடம் வாய் தவறிக் கேட்டும்விட்டேன். அவள் சண்டை போடவில்லை. சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ஆபத்துன்னா உன்னைக் கூப்பிடத்தான் இதைப் போட்டுக்கிட்டேன் அம்மா. நீ என்னைப் பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கடிகாரம் நினைவுக்கு வந்தது. எச்.எம்.டி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசாங்க நிறுவனம். பிறகு தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து ஓசூரில் டைட்டனைக் கொண்டுவந்தார்கள். என் கல்யாணத்துக்கு அது. அந்தக் கடிகாரங்கள் எங்களுக்கு மணி சொல்லின. எங்களைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய கடிகாரம் இரண்டையும் செய்கிறது. அவற்றின் எண்ணிக்கையும் கொஞ்சநஞ்சமல்ல. ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023ல் மட்டும் இந்தியச் சந்தைக்கு 5 கோடிக்கும் அதிகமான ஸ்மார்ட் கடிகாரங்கள் வந்தன. 2024ல் அது குறைந்தது என்றாலும் கோடிகளில்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றில் வேறு செயலி எதையும் ஏற்றவே முடியாது. கடிகாரம் வெறும் காதும் கண்ணும். மூளை போனில் இருக்கும் செயலியில். ஆகவே அந்தச் செயலியை எழுதுகிறவர் என்ன முடிவு செய்கிறாரோ அதுதான் அணிபவரின் தலையெழுத்து.

என் மகளின் கோபத்தைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் சண்டிகருக்கும் பஞ்ச்குலாவுக்கும் நாக்பூருக்கும் போய் வரலாம். அந்த நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் அது 2020ல். யார் எந்தத் தெருவில் நிற்கிறார், எப்போது எல்லையைத் தாண்டுகிறார் என்பதெல்லாம் அலுவலகத் திரையில் புள்ளியாகத் தெரியும். புள்ளி விலகினால் கூலியில் கை வைப்பார்கள். கடிகாரத்தில் கேமராவும் மைக்கும் வேறு. கழிப்பறைக்குப் போகும்போதுகூட யாராவது பார்ப்பார்களோ, கேட்பார்களோ என்று பெண் தொழிலாளர்கள் பயந்தார்கள். போராட்டம் நடத்தினார்கள்.

அந்தக் கடிகாரத்துக்குள்ளும் இருப்பது அதே சாமான்கள்தான். அதே செயற்கைக்கோள், அதே நெட்வொர்க், அதே வரைபடம், அதே புள்ளி. ஒரே ஒரு வித்தியாசம். பதக்கத்தில் பொத்தான் அணிபவர் கையில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளியின் கடிகாரத்தில் பொத்தான் மேஸ்திரியின் கையில் இருக்கிறது. முன்னதற்குப் பெயர் பாதுகாப்பு. பின்னதற்குப் பெயர் வேறு. நான் சனிக்கிழமை செய்தது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாமலே காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற செயலி, உலகெங்கும் தன் உறுப்பினர்கள் ஓடிய தடங்களைத் தொகுத்து அழகான வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். பாலைவன நடுவே யாரும் இல்லாத இடத்தில் பளிச்சென்று வட்டங்கள். ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்கள்! துப்பாக்கி ஏந்தியவரின் ரகசியத்தையே மணிக்கட்டுப் பட்டை சொல்லிவிடும் என்றால், இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தினமும் எந்தத் தெருவில் நடக்கிறாள் என்ற விவரம் எவ்வளவு அபாயமானது? அவளைக் காப்பாற்றச் சேர்த்த தகவல் கைமாறினால், அதுவே அவளைப் பின்தொடர்பவனுக்கு வழிகாட்டி.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. கம்பெனிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டு விஷயத்துக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அதாவது அம்மாக்களுக்கு அது பொருந்தாது. அம்மாக்களுக்கான சட்டத்தைச் செயலி எழுதுகிறவர்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாடி வீட்டுப் பையனுக்கும் அப்போது அதுதான் பிரச்சினையாக இருந்தது. பதக்கத்தைப் பெரிய அளவில் விற்க முன்வந்த ஒருவர் நிபந்தனை ஒன்று போட்டிருந்தார். அணிபவருக்குத் தெரியாமல் வீட்டார் இடத்தைப் பார்க்கவும் மைக்கைத் திறந்து கேட்கவும் வசதி வேண்டும். "வாங்கறது பொண்ணு இல்ல, அப்பாதானே! பணம் குடுக்கறவருக்குப் பிடிச்ச மாதிரி செய்ங்க" என்றாராம்.

"செய்யறது கஷ்டமா?" என்று கேட்டேன்.

"கஷ்டமே இல்ல ஆன்ட்டி. ஒரு வரி. ‘தெரிவிக்கணுமா?’ங்கற இடத்துல ‘ஆமா’ன்னு இருக்கறதை ‘இல்லை’ன்னு மாத்தணும். அஞ்சு நிமிஷ வேலை."

அந்த ஐந்து நிமிட வேலையை அவன் செய்யவில்லை. தலைகீழாக ஒன்று செய்தான். யாராவது வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அந்தக் கணமே பதக்கம் அணிபவரின் கழுத்தில் ஒருமுறை மெல்ல அதிரும். பார்க்க விரும்பாவிட்டால் அவள் அழுத்திப் பிடித்து மூடிவிடலாம். மைக் கிடையாது. பழைய தடங்கள் 24 மணி நேரத்தில் அழிந்துவிடும். ஆபத்து என்று அவளே அழுத்திவிட்டால் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். விற்க முன்வந்தவர் திரும்பிப் போய்விட்டார். வேறு யாராவது வருவார்கள் என்று பையன் காத்திருக்கிறான். வந்தால் நல்லது.

இப்படியொரு கருவியை உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ, தனியாக இருக்கும் தாயாருக்கோ வாங்கும் எண்ணமிருந்தால் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். கடைக்காரர் எதிரிலேயே போனைப் பையில் போட்டு, அரை மணி நேரம் கழித்து அழுத்திப் பாருங்கள். வீட்டில் மாதம் ஒருமுறை அதே சோதனையைச் செய்யுங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். எச்சரிக்கை போகும் ஆட்களில் ஒருவராவது ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் பதறத்தான் முடியும். அணிபவரால் அதை அணைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் வைத்துவிட்டு வாருங்கள்.

மகள் ஒரு வாரம் கழித்துச் சங்கிலியைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டாள். எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை. ரயிலை விட்டு இறங்கியதும் அவள் ஒருமுறை தட்டுவாள். எனக்கு ‘இறங்கிவிட்டேன்’ என்று வரும். நான் வரைபடத்தைத் திறக்க மாட்டேன், பால்கனியில் நிற்பேன். பால்கனியில் நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை தட்டல் வந்து பதினைந்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. திறந்துவிட்டேன். பூங்காத் தெருவில் புள்ளி நகராமல் நின்றது. எனக்குக் கை நடுங்கியது. அதற்குள் போன் அடித்தது.

"கழுத்துல அதிருது அம்மா. நீதானே? ஒண்ணும் இல்ல. விளக்கு எரியாத கம்பத்துக்கெல்லாம் நம்பரைக் குறிச்சுக்கிட்டிருக்கேன். மூணு இல்ல, இப்ப அஞ்சு. நாளைக்கு என்னைப் பாக்கற நேரத்துல கார்ப்பரேஷனுக்குப் போய் ஒரு கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பொத்தானை அழுத்தியதற்குப் பதில் இன்னும் வரவில்லை. 90 வினாடி எப்போதோ தாண்டிவிட்டது.